செப்புப் போத்தலும் ஷெல் துண்டும்: உடலில் செம்பு கூடினால் கொழுப்புக்கு என்ன நடக்கிறது?

செப்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தக் கொழுப்புக் கரைந்துவிடும் என்ற செய்தி வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருட்களில் சொக்லேட்டோடு செப்புப் போத்தலும் சேர்ந்துவிட்டது. இதை வெறும் புரளி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உடலில் செம்பு அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அது எதைக் கெடுத்துக் குறைகிறது என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை.

கதிரவெளியில் கிளினிக் கொப்பியோடு நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "மனே, அந்தக் குளுசைய நிப்பாட்டிப்போட்டு இந்தத் தண்ணியக் குடிச்சாக் காணுமெண்டு மகள் சொல்றா. நான் என்ன செய்யிற?" அவருடைய கொப்பியில் எழுதியிருந்தது அட்டோவாஸ்டற்றின். கொழுப்புக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பாடானபோது மாதக்கணக்கில் குளிசை இல்லாமல் இருந்தவர்களுக்கு, ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதுமான ஒரு போத்தல் எவ்வளவு பெரிய ஆறுதலாகத் தெரியும் என்பது புரியாத விடயமல்ல.

கோறளைப்பற்று வடக்கு, அதாவது வாகரைப் பிரதேசத்தின் வடக்குப் பக்கத்தில் திருகோணமலை வீதியோரம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது கதிரவெளி. மட்டக்களப்பு நகரத்துக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல். மேலதிகப் பரிசோதனை என்றால் வாகரையைத் தாண்டி வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். செப்புத் தண்ணீர் போன்ற வைத்தியங்கள் இப்படியான ஊர்களில் வேர்பிடிப்பதற்கு அறியாமையைவிடத் தூரம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் செம்பு உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். செம்பு விஷமல்ல, அத்தியாவசியமான கனிமம். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தமாகச் சுமார் 100 மில்லிகிராம் செம்புதான் இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை 0.9 மில்லிகிராம். இரும்பைக் குருதியில் சேர்ப்பதற்கும், நரம்புகளுக்கும், செல்கள் சக்தியை உண்டாக்குவதற்கும் அது வேண்டும். அந்தத் தேவை சாதாரணச் சாப்பாட்டிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாவிக்கரை மக்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. எங்கள் இரத்தம் இரும்பால் சிவப்பாக இருப்பதுபோல நண்டின், இறாலின் இரத்தம் செம்பால் நீலமாக இருக்கிறது. நண்டுக் கறியும் இறால் பொரியலும் செம்புச் சாப்பாடுதான். மரமுந்திரிகைப் பருப்பு 100 கிராமில் சுமார் 2 மில்லிகிராம் செம்பு உண்டு. மாட்டு ஈரலில் அதைப்போலப் பல மடங்கு.

சாப்பிட்ட செம்பு குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. தேவையானதை ஈரல் ஒரு புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது. மிஞ்சியதைப் பித்தநீரில் கலந்து குடலுக்குத் தள்ளி மலத்தோடு வெளியேற்றுகிறது. செம்புக்கு உடலை விட்டுப் போக இதுதான் பெரிய வழி. கொலஸ்ட்ரோலுக்கும் இதே வழிதான். உடல் தானே தயாரிக்கும் கொலஸ்ட்ரோலில் பெரும் பங்கு ஈரலில் உருவாகிறது. மிஞ்சியது பித்தநீரோடுதான் வெளியே போகிறது. மட்டக்களப்பில் மாரி வெள்ளத்தின்போது முகத்துவாரத்தை வெட்டிவிடாவிட்டால் வாவித் தண்ணீர் வயலுக்கும் வளவுக்கும் ஏறும் அல்லவா? ஈரலுக்குப் பித்தநீர் அப்படியொரு ஆற்றுவாய். அது அடைபட்டால் செம்பு, கொழுப்பு இரண்டின் கணக்கும் ஒன்றாகக் குழம்பும்.

அந்த ஆற்றுவாய் பிறப்பிலேயே அடைபட்டவர்கள் இருக்கிறார்கள். வில்சன் நோய் என்று பெயர். பிரித்தானிய நரம்பியல் வைத்தியர் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்தது. செம்பைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதத்துக்கான மரபணு, ஏரிபி7பி, 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோய் வரும். உலகளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு என்று சொல்வார்கள். மச்சான் மச்சாள் கலியாணம் வழமையான சமூகங்களில் இப்படியான நோய்களுக்கு வாய்ப்பு அதிகம்.

செம்பு மிஞ்சினால் கொழுப்புக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த நோயிலிருந்துதான். அதே மரபணுவை நீக்கிய எலிகளின் ஈரலை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2007இல் வெளியானது. செம்பு நிறைந்த அந்த ஈரல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எல்லாமே குழம்பியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி இருக்கவில்லை. குறிப்பாகச் சிலதான் மாறியிருந்தன. அவற்றில் முக்கியமானவை கொலஸ்ட்ரோலைத் தயாரிக்கும் நொதியங்களுக்கான மரபணுக்கள். அவை அடங்கிப்போயிருந்தன. இரத்தத்திலும் கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. ஈரலில் கொழுப்பின் வரவுசெலவை மேற்பார்வை செய்யும் ஏற்பிகளின் வேலையைச் செம்பு குழப்புகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்டற்றின் குளிசை அடக்குவதும் அதே உற்பத்திப் பாதையில் உள்ள ஒரு நொதியத்தைத்தான். அப்படியென்றால் செம்பும் இயற்கை ஸ்டற்றின்தானே என்று யாராவது காணொளி போட இடமிருக்கிறது. இன்னும் போடவில்லையென்றால் அதிசயம். வித்தியாசம் இதுதான். குளிசை ஒரு நொதியத்தை அளவோடு தடுக்கிறது, நிறுத்தினால் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. செம்பு ஈரல் செல்லின் சக்தி நிலையங்களான இழைமணிகளைச் சேதப்படுத்துகிறது, கொழுப்பை ஒட்சியேற்றிக் கெடுக்கிறது, கடைசியில் செல்லையே சாகடிக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரோல் குறைந்து நல்லதாகத் தெரியும்போதே ஈரலுக்குள் கொழுப்புப் படிந்துகொண்டிருக்கலாம். வில்சன் நோயின் ஆரம்பக் கட்டத்தில் ஈரலில் வைத்தியர்கள் காணும் முதல் அடையாளங்களில் ஒன்று கொழுப்புப் படிவுதான். கவனிக்காவிட்டால் அது ஈரல் இறுகலில் போய் முடியும்.

வில்சன் நோய் பெரும்பாலும் சிறுவயதிலும் இளவயதிலும் தலைகாட்டும். காரணமில்லாத மஞ்சள் காமாலை, கைநடுக்கம், பேச்சுக் குழறல், எழுத்துக் கோணல், திடீர்க் கோபம், படிப்பில் சரிவு. எங்கள் பக்கத்தில் இப்படியொரு பிள்ளையைக் கண்டால் முதலில் பார்வை பார்ப்போம், நூல் கட்டுவோம். அதைத் தாண்டினால் 'சண்டைக்குள்ள பட்ட பயம்' என்று சொல்லிவிடுவோம். போர் எங்களுக்கு எத்தனையோ உண்மையான மனக்காயங்களைத் தந்திருக்கிறது. ஆனால் எல்லா நடுக்கத்தையும் அதன் கணக்கில் எழுதினால், குளிசையால் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு ஈரல் நோயைத் தவறவிடவும் கூடும். செம்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து 1956 முதல் இருக்கிறது. செம்பு குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்க நாக உப்பும் கொடுக்கிறார்கள். நேரத்துக்குத் தொடங்கினால் சாதாரண வாழ்க்கை வாழலாம். விட்டுவிட்டால் உயிர் போகும்.

பாத்திரத்தால் வரும் ஆபத்துக்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி உண்டு. இந்தியக் குழந்தைகளின் ஈரல் இறுகல் நோய் என்று ஒரு காலத்தில் பாடப்புத்தகங்களில் தனி அத்தியாயமே இருந்தது. கைக்குழந்தைகளின் ஈரல் செம்பால் நிரம்பி, மாதக்கணக்கில் உயிரைப் பறித்த நோய். புனேயில் நடந்த ஆய்வு 1983இல் காட்டிய காரணம்: ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பசும்பால். பாலின் புரதம் பாத்திரத்திலிருந்து செம்பை இழுத்துக்கொள்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக அந்தப் பாலைப் பிஞ்சு வயதிலேயே பெற்ற குழந்தைகளுக்கே நோய் வந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் பரவிய பிறகு அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. இது இந்தியர்களின் பரம்பரைக் குறை என்று நினைத்தவர்களுக்கு ஒஸ்திரியாவின் திரோல் மலைப்பிரதேசம் பதில் சொன்னது. அங்கு 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரியான நோயில் இறந்ததை 1996இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. அங்கும் செம்புப் பாத்திரம், அங்கும் பால்.

அப்படியானால் செப்புப் போத்தல் தண்ணீர் விஷமா? அதுவும் இல்லை. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் செப்புக் குடத்தில் 16 மணித்தியாலம் வைத்த தண்ணீரில் வயிற்றோட்டக் கிருமிகள் செத்துப்போயிருந்தன. தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 2 மில்லிகிராம். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகள் கலங்கும் ஊருக்குக் கிருமி கொல்லும் பாத்திரம் நல்ல விடயம்தான். கொழுப்புக்கு மட்டும் அது மருந்தாகாது. கொலஸ்ட்ரோலைக் குறைக்குமளவு செம்பு அந்தத் தண்ணீரில் இல்லை. அந்தளவு செம்பு உடலில் சேர்ந்தால் நீங்கள் ஈரல் நோயாளி. இரண்டுக்கும் நடுவில் 'கொழுப்பை மட்டும் கரைக்கும் அளவு' என்று ஒன்று கிடையாது. ஆனால் அதே போத்தலில் தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ புளிக்கரைசலோ ஊற்றி வைப்பது வேறு கதை. புளிப்பு செம்பை நன்றாகக் கரைக்கும். வாந்தியும் வயிற்று வலியும் அதில் வரும். எங்கள் அம்மம்மாக்கள் பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசாமல் புளிக்கறி சமைக்காததற்கு இதுதான் காரணம்.

'செம்பு கொழுப்புக்கு நல்லது' என்ற கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் லெஸ்லி கிளெவே 1973இல் எலிகளுக்கு நாகத்தைக் கூட்டிச் செம்பின் விகிதத்தைக் குறைத்தபோது அவற்றின் கொலஸ்ட்ரோல் ஏறியது. செம்பு குறைந்தாலும் கொழுப்புக் கூடும் என்பது உண்மை. ஒஸ்திரியாவில் கொழுப்பு ஈரல் உள்ளவர்களை ஆராய்ந்தபோது அவர்களின் ஈரலில் செம்பு குறைவாக இருந்ததையும் 2010இல் அறிவித்தார்கள். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கொழுப்புச் செல்கள் தம் கொழுப்பை உடைத்து வெளிவிடுவதற்குச் செம்பு உதவுகிறது என்று காட்டினார்கள். அந்தச் செய்திதான் 'செம்பு கொழுப்பை எரிக்கும்' என்று தலைப்பு மாறி எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தது. பற்றாக்குறை உள்ளவருக்கு ஈடுசெய்தால் பயன், போதுமானது உள்ளவருக்கு மேலும் ஊற்றினால் பயனில்லை என்ற சாதாரண விடயம் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் தொடங்கிய பழக்கத்தில் இன்னும் நாகக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் விழுங்குபவர்கள் கிளெவேயின் எலிகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தத்தில் செம்பு கூடியவர்களிடம் கொலஸ்ட்ரோலும் கூடியிருப்பதாகச் சொல்லும் மக்கள்தொகை ஆய்வுகளும் இருக்கின்றன. உடலில் அழற்சி இருந்தால் செம்பைச் சுமக்கும் புரதம் இரத்தத்தில் கூடும். அப்போது செம்பின் அளவும் கூடித் தெரியும். ஆகவே இரத்தச் செம்பு கூடுதல் என்று ஒரு அறிக்கை வந்தால் அதைச் செப்புப் பாத்திரத்தின் தலையிலும் கட்ட வேண்டாம், கொழுப்புக்குக் காரணம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். அதை வாசிக்க ஒரு வைத்தியர் தேவை.

இனி, கதிரவெளிக்கு மட்டும் உரிய கேள்வி. 2006 நவம்பர் 8ஆந் திகதி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து ஓடிவந்த சனம். 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த முகாமில் இராணுவ நிலைகள் எதையும் காணவில்லை என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அப்போதே சொன்னது. காயப்பட்டவர்களில் பலர் இன்றும் வாழ்கிறார்கள். எடுக்க முடியாத துண்டுகளோடு வாழ்கிறார்கள். வன்னியிலும் அப்படித்தான். எங்கள் சமூகத்தில் 'உள்ளுக்க பீஸ் கிடக்கு' என்பது அறிமுகம் தேவையில்லாத வசனம்.

அந்தத் துண்டுகளில் செம்பும் உண்டு. பீரங்கி எறிகணையின் உடல் உருக்கு. ஆனால் குழாய்க்குள் சுழன்று போவதற்காக அதன் இடுப்பைச் சுற்றிச் செம்பு வளையம் ஒன்று பூட்டியிருக்கும். துப்பாக்கிச் சன்னத்தின் மேலுறையிலும் செம்புக் கலவை இருக்கலாம், உள்ளே ஈயம். அப்படியானால் துண்டு சுமப்பவரின் ஈரலுக்கு அந்தச் செம்பு போய்ச் சேருமா, அவருடைய கொழுப்புக் கணக்கைக் குழப்புமா என்று கேட்பது பைத்தியக்காரத்தனம் அல்ல.

கண்ணில் அது நடக்கிறது என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விடயம். செம்புத் துண்டு கண்ணுக்குள் தங்கினால் கருவிழியின் ஓரத்தில் பச்சையும் மண்ணிறமும் கலந்த வளையம் தோன்றும். வில்லையில் சூரியகாந்திப் பூவைப்போல ஒரு படலம் விரியும். வில்சன் நோயாளியின் கண்ணில் வைத்தியர் தேடும் அடையாளங்களும் இவையேதான். ஒருவருக்குச் செம்பு ஈரலிலிருந்து வந்தது, மற்றவருக்கு வெடித்த உலோகத்திலிருந்து வந்தது. கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

தசைக்குள் கிடக்கும் துண்டு அவ்வளவு இலகுவில் கரைவதில்லை. உடல் அதைச் சுற்றி நார்த் திசுவால் ஒரு உறை கட்டிவிடுகிறது. மூட்டுக்குள் கிடக்கும் ஈயம்தான் மோசமானது; மூட்டுத் திரவத்தில் கரைந்து பல வருடங்களுக்குப் பிறகும் ஈய நஞ்சேற்றத்தைத் தரலாம். அமெரிக்கா ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்ட தன் படையினருக்காக 2008இல் பால்டிமோரில் ஒரு கண்காணிப்பு நிலையம் தொடங்கியது. உடலில் துண்டு உள்ளவர்களின் சிறுநீரில் செம்பு, ஈயம், நாகம் உட்படப் பல உலோகங்களை அங்கே அளக்கிறார்கள். பெரும்பாலானோரின் அளவுகள் வழமையான எல்லைக்குள்ளேயே இருந்தன. பதறுவதற்கு ஒன்றுமில்லை என்பது அதிலிருந்து கிடைக்கும் நிம்மதி. ஆனால் சிலரிடம் கூடுதலாக இருந்ததும், அளந்ததால் மட்டுமே அது தெரியவந்ததும் அதே கதையின் மறுபக்கம். சுட்ட தரப்பின் படையினருக்கு ஒரு நாடு இப்படிப் பதிவேடு வைத்திருக்கிறது. பள்ளிக்கூட வளவுக்குள் காயப்பட்ட பொதுமக்களுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்பது அரசியல் என்றால், அரசியலாகவே இருக்கட்டும்.

உண்மையில் கதிரவெளிக்காரரின் ஈரலுக்கு இன்று பெரிய அச்சுறுத்தல் செம்பு அல்ல. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் நடத்திய ஆய்வில் வளர்ந்தவர்களில் 32.6 வீதமானோருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. மூவரில் ஒருவர். அது நகர்ப்புறம்தான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் கரையோரத்திலும் சீனி போட்ட பிளேன்ரீ, சோடா, பணிஸ், கொத்து ரொட்டி என்று சாப்பாடு மாறியிருக்கிறது, நடை குறைந்திருக்கிறது. காலில் துண்டோடு நொண்டி நடப்பவருக்கு ஓடச் சொல்லும் அறிவுரை உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதானபோது, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் இரத்தக் கொழுப்பின் நிலை மோசமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2006 கடைசியில் பாதை மூடப்பட்டிருந்த வாகரையில் கருவில் இருந்த பிள்ளைகள் இப்போது இளைஞர்கள். அவர்களை யாராவது நாற்பது வயது வரை கவனித்துக்கொண்டு இருப்பார்களா?

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது சுருக்கமானது. போத்தலை வைத்திருங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், குளிசையை நிறுத்த வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் இலவசமாகப் பார்க்கிறார்கள். கொழுப்புக் கூடியிருந்தால் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பார்க்கலாம். குடும்பத்தில் இளவயதில் ஈரல் நோயால் யாராவது இறந்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வில்சன் நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம்.

துண்டு உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் உருக்குத் துண்டை இழுத்து அசைத்துவிடக் கூடும். கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் அருகில் அது ஆபத்து. ஸ்கான் எடுக்க முன்னர் சொல்ல மறந்துவிடுகிறோம், கேட்பவர்களும் சில வேளை கேட்பதில்லை. ஆகவே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, 'உடலில் உலோகத் துண்டு உண்டு, இடது தொடை, 2006' என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை, ஒரு பேனை போதும்.